டிசைன் ஏஜென்சி வேலை: தங்கச்சிமடத்துத் தம்பிக்கு ஒரு பதில்

"அக்கா, பி.காம் முடிச்சிட்டேன். ரெண்டு வருஷமா ஃப்ளெக்ஸ் கடையில கோரல் டிராவில் பேனர் அடிக்கிறேன். டிசைன் ஏஜென்சியில சேரணும்னு ஆசை. உள்ள வேலை எப்படி இருக்கும்? சென்னைக்குப் போய்த்தான் ஆகணுமா?" ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தம்பி, நானும் ஃப்ளெக்ஸ் கடையில்தான் மவுஸ் பிடிக்கப் பழகினேன். சொந்த ஊர் மண்டபம். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று இரண்டரை வருஷம் அடித்துத் தள்ளிவிட்டு, சென்னையில் ஒரு ஏஜென்சியில் ஆறு வருஷம் இருந்தேன். இப்போது ராமநாதபுரத்திலேயே ஒரு மாடி அறையில் நாலு பேரோடு சின்னதாக நடத்துகிறேன்.

கடையில் உங்களுக்குப் பழகிப்போனது இதுதான்: ஆள் வருவார், பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார், ஸ்கிரீனில் விரலை வைத்து "மாமா போட்டோவை இன்னும் மேல ஏத்துங்க" என்பார். முக்கால் மணி நேரத்தில் பத்துக்கு எட்டு பிரிண்ட் ஏறிவிடும். ஏஜென்சியில் அந்த ஸ்டூல் கிடையாது. காசு கொடுக்கிறவருக்கும் உங்களுக்கும் நடுவில் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். கிளையண்டிடம் பேசிவிட்டு வருகிறவர் கிளையண்ட் சர்வீசிங். அவர் எழுதிக் கொண்டுவரும் தாள் பிரீஃப். காப்பிரைட்டர் வாசகம் எழுதுவார், ஆர்ட் டைரக்டர் போக்கைத் தீர்மானிப்பார், நீங்கள் செய்வீர்கள், ஃபினிஷிங் ஆர்ட்டிஸ்ட் அதை அச்சுக்குப் போகிற ஃபைலாக ஆக்குவார். எங்களைப் போன்ற சின்ன இடத்தில் இத்தனை பேரும் ஒரே ஆள்தான். காலையில் சர்வீசிங், மத்தியானம் ஆர்ட் டைரக்டர், ராத்திரி ஃபினிஷிங்.

சென்னையில் சேர்ந்த புதிதில் டைம்ஷீட் எழுதச் சொன்னார்கள். எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று தினமும் குறிக்க வேண்டும். முதல் மாசக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. ஒன்பது மணி நேர நாளில் நான் உண்மையிலேயே டிசைன் செய்தது மூன்று மணி நேரம் தேறினால் அதிகம். மிச்சமெல்லாம் கேட்பது, காத்திருப்பது, திருத்துவது, சரிபார்ப்பது. வேலை தெரியாததால் இப்படி ஆகிறது என்று நினைத்துக் கவலைப்பட்டேன். பக்கத்து சீட்டு அண்ணன், பதினைந்து வருஷ அனுபவம், தன் டைம்ஷீட்டைக் காட்டினார். அவருக்கு இரண்டு மணி நேரம்தான். உள்ளே வேலை எப்படி இருக்கும் என்று கேட்டீர்களே, முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். படம் வரையும் ஆசையில் போகிறவர்களில் பாதிப் பேர் ஒரு வருஷத்துக்குள் மனம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

கேட்பது என்றேன். அது என்ன பெரிய வேலை என்று தோன்றும். போன வருஷம் பாம்பன் பக்கமிருந்து கருவாடு போடும் மகளிர் குழு அக்காமார் மூன்று பேர் வந்தார்கள். "லேபிள் வேணும்மா, நல்லா பளிச்சுனு." கடையாக இருந்தால் ஒரு மீன் படம், பின்னால் கடல், மஞ்சள் எழுத்து, சிவப்பு பார்டர் என்று அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்திருப்பேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தேன். யார் வாங்குகிறார்கள்? ராமேஸ்வரம் வந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள்தான். வருகிறபோது ஒருவரும் தொட மாட்டார்கள், கோயிலுக்குப் போக வேண்டும் அல்லவா. திரும்பும்போது பாலத்துப் பக்கம் வண்டியை நிறுத்துவார்கள். நிறுத்திவிட்டு முதலில் என்ன கேட்பார்கள்? விலையா, எந்த மீன் என்றா? மூவரில் மூத்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கார்ல வாடை அடிக்குமான்னுதான்மா கேப்பாங்க. மதுரை வரைக்கும் ஏசியில போகணும்ல."

அதுதான் பிரீஃப். ஒன்றரை மணி நேரப் பேச்சில் விழுந்த ஒரே வரி. பையை இரண்டு அடுக்காக மாற்றச் சொன்னோம், அழுத்திப் பூட்டும் வாய் வைத்தோம், லேபிளில் மீன் பெயருக்கு அடுத்த பெரிய எழுத்தாக "கார்ல வாடை வராது" என்று போட்டோம். மீன் படமே இல்லை. அக்காமாருக்கு முதலில் அது பிடிக்கவில்லை, "மீன் இல்லாம எப்படிம்மா" என்றார்கள். பையில் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி விட்டு உள்ளே இருக்கும் மீனையே காட்டினோம். டிசைன் செய்தது ஒரு மத்தியானம்தான்.

இதே வேலையில் நான் வாங்கிய அடியையும் சொல்லிவிடுகிறேன். நெத்திலிக் கருவாட்டுக்கு 3,000 ஸ்டிக்கர். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்தில் செய்து, பிடிஎஃப் ஆக்காமல், அவசரத்தில் திறந்த ஃபைலையே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அவர்களிடம் இருந்த பழைய சாஃப்ட்வேருக்குத் தமிழ் எழுத்தைக் கோர்க்கத் தெரியாது. யூனிகோடில் "நெ" என்பது முதலில் ந, பிறகு ஒற்றைக் கொம்பு என்றுதான் உள்ளே பதிவாகிறது. கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது சாஃப்ட்வேரின் வேலை. அது வைக்கவில்லை என்றால் கொம்பு ந-வுக்குப் பின்னால் போய் அடுத்த எழுத்தின் முன்னால் உட்கார்ந்துகொள்ளும். மூவாயிரம் ஸ்டிக்கரிலும் நெத்திலி, "நதெ்திலி" என்று கிடந்தது. குற்றம் முழுக்க என்னுடையது. எழுத்தை எல்லாம் கர்வ் பண்ணி, அதாவது எழுத்தாக இல்லாமல் வெறும் வடிவமாக மாற்றி அனுப்பியிருந்தால் இது நடந்திருக்காது. மறு அச்சுக் காசு என் கையிலிருந்து போனது.

பெரிய ஏஜென்சியில் இதைத் தடுக்கவே ஆள் இருப்பார்கள். நான் இருந்த இடத்தில் ஒரு பெரியவர், சிவப்புப் பேனாவோடு. அவர் கையெழுத்து இல்லாமல் எந்த ஃபைலும் வெளியே போகாது. அவரைத் திட்டாதவர்களே ஆபீசில் கிடையாது. இப்போது தினம் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்கிறேன்.

தமிழ் எழுத்தைப் பற்றிச் சொன்னதால் இன்னும் கொஞ்சம். உங்கள் கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருதான் இருக்கும் என்று நினைக்கிறேன். எம் தட்டினால் அ வரும், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் எல்லாம் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஏஜென்சியில் வெப்சைட், ஆப், அச்சு எல்லாவற்றுக்கும் ஒரே வாசகம் போவதால் யூனிகோடுதான். பக்கம் அடுக்கும் சாஃப்ட்வேரான இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போஸர் என்று ஒரு தேர்வு உண்டு. அதைப் போட மறந்தால் என் நெத்திலிக்கு நடந்ததுதான் நடக்கும். தமிழுக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். "கீ" மேலே வளையும், "மூ" கீழே இறங்கும். இங்கிலீஷுக்கு விடும் வரி இடைவெளியை அப்படியே விட்டால் ஒரு வரியின் கால் அடுத்த வரியின் தலையில் இடிக்கும். நீளமும் அப்படித்தான். இங்கிலீஷில் மூன்று எழுத்துச் சுருக்கத்தில் முடிவது தமிழில் "உற்பத்தி செய்யப்பட்ட நாள்" என்று லேபிளின் பாதி அகலத்தைத் தின்றுவிடும். அதனால் தமிழில் முதலில் அடுக்கிப் பார்த்துவிட்டு இங்கிலீஷைப் பிறகு பொருத்துங்கள். நல்ல இலவச எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கின்றன. முக்த மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி என்று போட்டுப் பாருங்கள். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரான் எனக்குப் பிடித்தது. பெயரைப் பாருங்கள், நம் கட்டுமரம்தான் இங்கிலீஷ்காரன் வாயில் அப்படி ஆகி, திரும்பத் தமிழ் எழுத்துருவுக்கே பெயராக வந்து சேர்ந்திருக்கிறது.

கடையில் தேவைப்படாத இன்னொன்று சட்டம். சாப்பாட்டுப் பொருள் லேபிள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் எண் 14 இலக்கம் இருக்கிறதா, நிகர எடை, எம்ஆர்பி, பேக் செய்த தேதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது, இப்போது பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். பழைய லேபிளைப் பார்த்துக் காப்பி அடிப்பவர்கள் இன்னும் வட்டமே போடுகிறார்கள். குண்டாக இருக்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு (ஜிஐ) கிடைத்தது. அதிலிருந்து மிளகாய்ப் பை போடுகிறவர்கள் எல்லோரும் "அந்த ஜிஐ முத்திரையையும் போட்டுருங்க" என்கிறார்கள். பதிவு பெற்ற பயனாளராக இருந்தால்தான் போடலாம். சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை, கேளுங்கள்.

மிளகாய் என்றதும் நிறம் நினைவுக்கு வருகிறது. முண்டு காய்ந்ததும் ஒரு ஆழ்ந்த பளபளச் சிவப்பு வரும். மொபைல் ஸ்கிரீனில் அது ஜொலிக்கும், ஏனென்றால் ஸ்கிரீன் வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. அச்சில் நான்கு மை, சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு. அந்தச் சிவப்பு அச்சில் ஒரு படி இறங்கித்தான் வரும். வாட்ஸப்பில் பார்த்து ஓகே சொன்ன முதலாளி அச்சானதைப் பார்த்து "மிளகாய் நமத்துப்போன மாதிரி இருக்கே" என்பார். முன்கூட்டியே காகிதத்தில் ஒரு புரூஃப், அதாவது மாதிரி அச்சு, எடுத்துக் கையில் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை மிச்சம். கண்ணாடிப் பை என்றால் இன்னொரு சிக்கல். அடியில் வெள்ளை மை போடாவிட்டால் சிவப்பு எழுத்து உள்ளே இருக்கும் மிளகாயோடு கலந்து காணாமல் போய்விடும். இதை நான் சொந்தக் காசில் கற்கவில்லை, சென்னையில் வேறொருவர் காசில் கற்றேன். சென்னைக்குப் போவதில் உள்ள லாபங்களில் இதுவும் ஒன்று!

ஒரு மிளகாய்ப் பை வேலையில், என்னிடம் இருந்த பையன் ஒரு ஸ்டாக் போட்டோவை எடுத்துப் போட்டுவிட்டான். நீள நீளமான மிளகாய். முதுகுளத்தூர்ப் பக்கத்து வியாபாரி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "தம்பி, இது சம்பா மிளகாய். நாம விக்கிறது குண்டு" என்றார். பையன் திருச்சிக்காரன், அவனுக்கு எல்லாம் மிளகாய்தான். ஏஐ படத்திலும் இதே கதை. மீனவர் படம் கேட்டால் மூக்கு உயர்ந்து வளைந்த படகில் ஒருவரை உட்கார வைத்துத் தருகிறது. அழகான படம், ஆனால் கேரளக் கரைப் படகு. நம் வல்லத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் முன்னால் அதை நீட்டினால் மிச்சப் பேச்சு எடுபடாது. நீங்கள் தங்கச்சிமடத்துக்காரர். எந்தப் படகு எந்தக் கரை என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கடல்பாசி எடுக்கும் பெண்கள் பேச்சில் "பெப்சி பாசி" என்று வந்தால் அது கம்பெனி கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி என்று உங்களுக்குத் தெரியும். ராமேஸ்வரம் தீவைப் பற்றி வேலை வந்தால் சென்னை ஆபீசில் மேனேஜரே உங்கள் சீட்டுக்கு வருவார். எனக்கு அது நடந்தது.

திருத்தம் பற்றி எல்லோரும் புலம்புவார்கள். லோகோவைப் பெருசாக்கு, சிறுசாக்கு என்பதெல்லாம் பழகிவிடும். கஷ்டமானது, திருத்தச் சொல்கிறவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கும்போது வருகிறது. ராமேஸ்வரத்தில் ஒரு சின்ன லாட்ஜுக்கு லோகோ போட்டிருந்தோம். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம், கப்பல் போக நடுவில் இரண்டு பக்கமும் கை தூக்குமே, அந்த இரண்டு கை மட்டும் இரண்டு கோடாக. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறந்தார்கள். அந்த வாரமே முதலாளி போன் செய்தார்: "மேடம், பழைய பாலத்துல ரயில் ஓடி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. புதுசைப் போடுங்க." 2022 டிசம்பரிலேயே பழைய பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள், அவர் சொன்னது சரிதான்.

மறுக்காமல் செய்து பார்த்தோம். புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே கிடையாக, லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே ஏறுகிறது. நேரில் பார்த்தால் பிரமாதம். கோட்டில் வரைந்தால் இரண்டு தூண், மேலே ஒரு சட்டம். கதவு மாட்டாத நிலை மாதிரி இருக்கிறது. வாட்ஸப் டிபி அளவுக்குச் சுருக்கினால் கால்பந்து கோல் போஸ்ட். இரண்டையும் விரல்நகம் அளவுக்குப் பிரிண்ட் எடுத்து, லாட்ஜ் சாவிக் கொத்தில் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ரிசப்ஷனில் இருந்த பையனைக் கூப்பிட்டு, "இது என்னடா?" என்று கேட்டார். பழையதைப் பார்த்து "நம்ம பாலம்ணே" என்றான். புதியதைப் பார்த்து "ஏதோ பில்டிங்" என்றான். லோகோ தப்பித்தது. வரவேற்பறைச் சுவரில் புதுப் பாலத்தின் பெரிய போட்டோ வைத்துக் கொடுத்தோம், அவருக்கும் திருப்தி. என் ரசனையை எடுத்துச் சொல்லி வாதாடியிருந்தால் தோற்றிருப்பேன்.

மனதை உடைப்பது பிட்ச். ஒரு பெரிய கம்பெனி நான்கைந்து ஏஜென்சிகளைக் கூப்பிட்டு, யோசனை கொண்டுவாருங்கள், பிடித்ததற்கு வேலை என்பார்கள். பெரும்பாலும் அதற்குக் காசு கிடையாது. சென்னையில் ஒரு தடவை பதினோரு ராத்திரி உட்கார்ந்து செய்தோம், கிடைக்கவில்லை. இரண்டு மாசம் கழித்து எங்கள் வாசகத்தை லேசாகப் புரட்டிப் போட்டு அவர்களுடைய ஹோர்டிங்கில் பார்த்தோம். யாரும் ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் அடுத்த பிட்ச். ராத்திரி வேலை என்பது இப்படித்தான் வருகிறது, தீபாவளி பொங்கலுக்கு முந்தைய மாசங்களில் கூடுதலாக. தங்கச்சிகள் யாராவது இதைப் படித்தால்: சேரும்போதே ராத்திரி வண்டி உண்டா, ஹாஸ்டல் கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் போய், ஒரு வருஷம் வார்டனிடம் திட்டு வாங்கினேன்.

காசு. ஆரம்பச் சம்பளம் உங்கள் கடைச் சம்பளத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக இருக்கும், சென்னை வாடகையைக் கழித்தால் குறைவு. மூன்றாம் வருஷத்துக்கு மேல்தான் ஏறும், அதுவும் ஆபீஸ் மாறினால். இங்கே சொந்தமாக நடத்துவதில் வேறு கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாசம் மண்டபம், ராமேஸ்வரம் கரையில் ஐஸ் கம்பெனியிலிருந்து டீக்கடை வரை கையில் காசு இருக்காது. மார்ச்சுக்குள் பில் வாங்காவிட்டால் ஜூலைதான். கீழக்கரையில் அப்படி இல்லை, அங்கே வெளிநாட்டிலிருக்கும் மகனோ மச்சானோ அனுப்புவார், காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) சொன்ன தேதியில் கொடுத்துவிடுவார். பாதியை முன்பணமாக வாங்காமல் கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். கம்பெனிகள் பில்லில் பெரும்பாலும் 10 சதவீதத்தை டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி, என்று பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். அது உங்கள் காசுதான், வருமான வரிக் கணக்குப் போட்டால் கணக்கில் சேரும், பயப்படாதீர்கள். வருஷம் 20 லட்சம் வரவு தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை, தாண்டினால் 18 சதவீதம். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், செய்து வையுங்கள். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் வருஷச் சட்டம் இருப்பதைப் பெரிய கம்பெனிக்கு நினைவூட்ட அது உதவும்.

சென்னைக்குப் போகணுமா என்றால், என் பதில், இரண்டு மூன்று வருஷம் போய்விட்டு வாருங்கள். கோயம்புத்தூர், மதுரை என்றாலும் சரி. இங்கே உங்களைவிட வேலை தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து "இது சரியில்லை, மறுபடி செய்" என்று சொல்வது அபூர்வம். கிளையண்ட் சொல்வது வேறு, வேலை தெரிந்தவர் சொல்வது வேறு. போகும்போது ஃப்ளெக்ஸ் கடையில் இருந்ததை மறைக்காதீர்கள். கச்சான் காற்றில் பேனர் கிழியாமல் இருக்க எங்கே கீறிவிட வேண்டும் என்று காலேஜில் டிசைன் படித்தவர்களுக்குத் தெரியாது. உப்புக்காற்றில் இரும்புச் சட்டம் எத்தனை மாசம் தாங்கும் என்றும் தெரியாது. போர்டு வேலை வந்தால் உங்களைத்தான் கேட்பார்கள்.

போர்ட்ஃபோலியோவில் இருபது வேலை வேண்டாம், மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும், வாடிக்கையாளர் வேண்டாம் என்று தள்ளியதையும் ஏன் தள்ளினார் என்பதையும் சேர்த்து வையுங்கள். நான் ஆள் எடுக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பேன். ஒன்று கவனம், ஏஜென்சியில் சம்பளத்துக்கு இருக்கும்போது செய்த வேலை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சட்டப்படி ஏஜென்சிக்குத்தான் சொந்தம். வெளியே காட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போதைக்கு உங்கள் கடை முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நீங்கள் அடித்த பேனர்களில் நல்லது மூன்றை எடுங்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல் எனக்கு வேண்டாம். அது கட்டியிருக்கும் இடத்துக்குப் போய், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், பஸ்ஸுக்கு நிற்கிறவர் நிற்கும் இடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள். அங்கிருந்து என்ன படிக்க முடிகிறதோ, அதிலிருந்து பேசலாம்.